தடுப்பூசி கார்டுல இருக்கிற சைன் யாரோடது?

போன மாசம் வியாசர்பாடிலேர்ந்து ஒரு ஆட்டோ அண்ணன் லாப்ரடார் குட்டியை டவல்ல சுத்தி தூக்கிட்டு வந்தார். ரெண்டரை மாசக் குட்டி, ரெண்டு நாளா வாந்தி, ரத்தமா பேதி, டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே அந்த நாத்தத்துலயே பார்வோன்னு (குட்டி நாய்ங்களோட குடலைத் தாக்குற வைரஸ் நோய்) தெரிஞ்சிடுச்சு. "எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டரம்மா, இதோ கார்டு"ன்னு நீட்டினார். வாங்கிப் பாத்தேன். ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, ரெண்டு தேதியும் ஒரே பேனா ஒரே கையெழுத்து, முதல் தேதிக்கு கணக்கு போட்டா குட்டிக்கு மூணு வாரம்கூட ஆகல. இந்த ஊசியை பொதுவா ஆறு வாரத்துக்கு மேலதான் ஆரம்பிப்போம், அப்புறம் குட்டிக்கு நாலு மாசம் ஆகுற வரைக்கும் சில வார இடைவெளில திரும்பத் திரும்ப போடணும். கீழ டாக்டர் சைன் பண்ற இடத்துல குட்டியை விற்ற கடையோட சீல் மட்டும்தான் இருந்துச்சு.

நாலாவது நாள் குட்டி போயிடுச்சு. அவர் பொண்ணு வெளியில பெஞ்ச்ல உக்காந்து அழுதுட்டு இருந்தா. "யார் மேல கம்ப்ளெயின்ட் குடுக்கிறது மேடம்?"னு அண்ணன் கேட்டாரு பாருங்க, அதுக்கு பதில் சொல்லத்தான் இதை எழுதறேன்.

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், கால்நடை டாக்டருக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னு படிச்சவங்களுக்கே தெரியல. 1984ல வந்த இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம்தான் இதுக்கு அடிப்படை. மேல இந்தியக் கவுன்சில், இங்க தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவக் கவுன்சில். பி.வி.எஸ்சி முடிச்சாலும் (கால்நடை டாக்டர் படிப்பு, இப்போ அஞ்சரை வருஷம், அதுல ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்) கவுன்சில்ல பேரைப் பதிஞ்சு நம்பர் வாங்கினாதான் வைத்தியம் பாக்கலாம், ஹெல்த் சர்டிபிகேட்ல சைன் போடலாம். தண்டையார்பேட்டை பக்கம் மாடு வச்சிருக்கிறவங்க "கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுட்டு போறாரே"ன்னு கேப்பாங்க. சான்றிதழ் படிப்பு படிச்ச கால்நடைப் பணியாளர்கள் சின்ன வேலைகள் செய்ய அரசு அனுமதிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, ஆனா பதிவு பெற்ற டாக்டரோட மேற்பார்வையிலதான். தானா மருந்து எழுதி தானா வைத்தியம் பண்றது அதுல வராது.

கவுன்சில் எங்களுக்கான சங்கம் இல்ல. டாக்டர் எப்படி நடந்துக்கணும்னு ஒழுக்க விதி இருக்கு, அதை மீறினா விசாரிச்சு பதிவேட்டிலேர்ந்து பேரையே எடுக்கலாம். பேர் போச்சுன்னா தொழிலே போச்சு. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. பதிவேட்டுல பேர் இருக்கிறவங்களைத்தான் அது பிடிக்க முடியும். அந்தக் கடைக்காரருக்கு அங்க பேரே இல்ல, எதை எடுக்கிறது? பதிவு இல்லாம வைத்தியம் பாக்கிறதுக்கு போலீஸ்ல கம்ப்ளெயின்ட், குடுத்த காசுக்கு நுகர்வோர் கோர்ட், அப்படித்தான் போகணும். அதனாலதான் ஊசி போட்ட பிறகு இல்ல, முன்னாடியே நம்பர் கேளுங்கன்னு நான் கத்திட்டு இருக்கேன்.

எங்க ஆளுங்களையும் சொல்லணும். வெறும் கார்டுல முன்கூட்டியே சைன் போட்டு சீல் குத்தி கடைக்கு கட்டு கட்டா குடுக்கிற டாக்டரை எனக்கே தெரியும். கோவமா வருது. ஊசியை 2லேர்ந்து 8 டிகிரி குளிர்ல வச்சிருந்தாங்களா, குட்டிக்கு ஜுரம் இருந்துச்சா, எதுவுமே பாக்காம சைன் போட்டா அது என்ன சர்டிபிகேட்? இந்த மாதிரி விஷயம் நேரா கவுன்சிலுக்குத்தான் போகணும், நம்பர் இருக்கிறதால ஆள் தப்பிக்க முடியாது.

அதே சமயம் உயிர் போச்சுன்னாலே டாக்டர் தப்புன்னு ஆயிடாது. பார்வோல சரியான வைத்தியம் குடுத்தும் குட்டிங்க சாகுது. பாக்க வேண்டியதை பாத்தாங்களா, உங்ககிட்ட விளக்கி சொன்னாங்களா, எழுதி வச்சாங்களா, அதைத்தான் விசாரிக்கணும். காசிமேட்டுலேர்ந்து ஒரு அக்கா பூனை கொண்டு வந்தாங்க, யாரோ பேச்சைக் கேட்டு ஜுரத்துக்கு பாராசிட்டமால் ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. பூனையோட ஈரல் அந்த மருந்தை உடைக்காது, ரத்தம் காப்பி கலர் ஆயிடும், ஈறு நீலம் பாயும், மூஞ்சி வீங்கும். ஒரே மாத்திரைல உயிர் போற விஷயம். சொன்னது யாருன்னு சீட்டு கிடையாது, பேர் கிடையாது, யாரை விசாரிக்க?

அதனால சீட்டு, பில்லு, டெஸ்ட் ரிப்போர்ட், கார்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. டாக்டர் பேரும் பதிவு நம்பரும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எழுதித் தரச் சொல்லுங்க. என்ன நடந்துச்சுன்னு தேதி வாரியா எழுதுங்க, ஸ்க்ரீன்ஷாட் வச்சுக்கோங்க. கம்ப்ளெயின்ட்டுக்கு இதுதான் உயிர்.

வெறிநாய் ஊசி கார்டுல இன்னும் உஷாரா இருங்க. கார்ப்பரேஷன் லைசென்ஸுக்கு அந்த சர்டிபிகேட்தான் கேக்கிறாங்க. பொய்க் கார்டை நம்பி, "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு"ன்னு கடிபட்ட பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம விட்டுட்டா என்ன ஆகும்? ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த வழியில்ல. கார்டு என்ன சொன்னாலும் கடிச்ச இடத்தை ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.