மாட்டுக்குத் தொற்றுநோய் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? 2009 சட்டம் என்ன சொல்கிறது?

காலையில் போட்ட தீவனத்தை மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்குகிறது. நடுநடுவே 'சப் சப்' என்று வாயைக் கொட்டுகிறது, காலை உதறுகிறது. மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி. அந்த நேரத்தில் வீட்டுக்குள் இரண்டு யோசனை ஓடும். "வெளியே மூச்சு விடாதே, பால் எடுக்க மாட்டார்கள்" என்பது ஒன்று. "முத்துவதற்குள் சந்தைக்கு ஓட்டிவிடு" என்பது இன்னொன்று. இரண்டுமே சட்டப்படி குற்றம்.

அந்தச் சட்டம், விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் நாடாளுமன்றம் 2009-இல் இயற்றியது. அதற்கு முன் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சட்டம் வைத்திருந்தது. நோய்க்கு மாநில எல்லை தெரியாது என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, நாய், கோழி எல்லாம் இதில் அடங்கும். தேனீயும் உண்டு, நம்பித்தான் ஆக வேண்டும். கோமாரி, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), சினை மாடு கன்றைப் பாதியில் வீசிவிடும் கன்று வீச்சு நோய், ஆட்டுக்கொல்லி, பறவைக் காய்ச்சல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று நீளமான நோய்ப் பட்டியல் சட்டத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது.

முதல் கடமை சொல்வது. பட்டியலில் உள்ள நோய் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் அதை எழுத்தில் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு அனுப்புவார்கள், மருத்துவர் துறையின் இயக்குநருக்குச் சொல்வார். என்ன நோய் என்று உறுதியாகத் தெரிந்தபிறகுதான் சொல்ல வேண்டும் என்றில்லை. கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. நடைமுறையில் நான் சொல்வது: கால்நடை மருந்தகத்துக்கு நேராகவே போன் போடுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் ஊராட்சியிலும் சொல்லி, எந்தத் தேதியில் யாரிடம் சொன்னோம் என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிரித்துக் கட்டுவது. நோய் கண்ட மாட்டை மற்ற மாடுகளோடு கட்டக் கூடாது, பொது மேய்ச்சலுக்கு விடக் கூடாது, குளத்திலோ ஆற்றிலோ பொதுத் தொட்டியிலோ தண்ணீர் காட்டக் கூடாது. இதற்கு மருத்துவர் வந்து உத்தரவு போடும்வரை காத்திருக்க வேண்டாம், உரிமையாளரே செய்ய வேண்டியது. ஒரே வாளியில் எல்லா மாட்டுக்கும் கழுநீர் வைக்கும் பழக்கம்தான் பல தொழுவங்களில் நோயைக் கைமாற்றுகிறது. கோமாரி வந்த தொழுவத்தைக் கழுவ விலையுயர்ந்த மருந்து எதுவும் வேண்டியதில்லை. பத்து லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்தால் 4 சதவீதக் கரைசல், அது போதும். கால் செருப்பையும் அதில் நனைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

நோய் உறுதியானால் கால்நடை மருத்துவரே அந்த இடத்தை 'நோய் தாக்கிய பகுதி' என்று அறிவிக்கலாம். 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்பது இன்னும் பெரியது, அதை மாநில அரசு அறிவிக்கும். உள்ளூர் மொழிப் பத்திரிகையில் போடுவதோடு பறையறைந்தும் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் அரசு நிறுத்திவிட்டதால் இங்கே ஒலிபெருக்கி கட்டிய வண்டியை எதிர்பாருங்கள். அறிவிப்பு வந்தபின் அந்த எல்லைக்குள் இருக்கும், அறிவிப்பில் சொன்ன இன விலங்குகள் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி கட்டாயம். "என் மாட்டுக்கு வேண்டாம், பால் குறையும்" என்று மறுக்க முடியாது. சந்தை, கண்காட்சி போன்றவை நடத்தவும் தடை உண்டு. 2022-இல் மாட்டின் உடலெங்கும் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய் வடமேற்கு மாநிலங்களை உலுக்கியபோது ராஜஸ்தானின் புஷ்கர் சந்தையே மாடுகள் இல்லாமல்தான் நடந்தது.

கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து மாட்டை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் தடுப்பூசிச் சான்று கையில் இருக்க வேண்டும். ஊசி போட்ட தேதி, மருந்தின் தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, எந்தத் தேதிவரை செல்லுபடியாகும் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். "மாடு நன்றாகத்தானே இருக்கிறது, சான்று எதற்கு?" என்று சோதனைச் சாவடிகளில் கேட்பவர்கள் உண்டு. கோமாரிக் கிருமி உடலுக்குள் போய் அறிகுறி வெளியே தெரிய 2 நாள் முதல் 14 நாள் வரை ஆகலாம். லாரியில் ஏறும்போது துள்ளிக் குதித்த காளை, இறங்கிய ஊரில் நாலாம் நாள் வாய்ப்புண்ணோடு நிற்கும். ஏற்றிச் சென்ற வண்டியைக் கழுவி மருந்தடிக்க வேண்டிய கடமையும் சட்டத்தில் இருக்கிறது. அதிகம் மீறப்படுவது அதுதான் என்பது என் எண்ணம்.

செத்த மாட்டின் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால் அடைப்பான் என்று சந்தேகப்படுங்கள். தோலை உரிக்காதீர்கள், அறுக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். அது மனிதருக்கும் வரும் நோய். வயிற்றைக் கிழித்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மருத்துவர் சொல்லும் இடத்தில் ஆறடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, முழு உடலாகப் புதைக்க வேண்டும். ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ தூக்கிப் போட்டால் அதற்கென்று தனித் தண்டனைப் பிரிவே இருக்கிறது.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: பணம் கிடைக்குமா? நோய் பரவாமல் தடுக்க விலங்கைக் கொல்ல எழுத்தில் உத்தரவிடும் அதிகாரம் கால்நடை மருத்துவருக்கு உண்டு. பறவைக் காய்ச்சல் வந்தால் பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கோழிகளை அழிப்பார்கள். அப்படி அரசு உத்தரவால் அழிக்கப்பட்டவற்றுக்கு இழப்பீடு உண்டு. அதை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. கவனியுங்கள், உத்தரவுக்கு முன்பே நோயில் செத்தவை இந்தக் கணக்கில் வராது. நாலு நாள் மறைத்து வைத்தால் கணக்கில் ஏறவேண்டிய கோழிகள் அந்த நாலு நாளில் செத்துப்போகும்.

நோயில் செத்த மாட்டுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் காப்பீடுதான். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் 2024 முதல் பயனாளி கட்டவேண்டிய பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம், மிச்சத்தை அரசுகள் ஏற்கின்றன. ஆனால் காதில் வில்லை இல்லாத மாட்டுக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு அலைவது வீண் வேலை. 12 இலக்க எண் போட்ட அந்த மஞ்சள் வில்லைதான் இந்த மாடு உங்களுடையது என்பதற்கும் எப்போது ஊசி போட்டது என்பதற்கும் சாட்சி. "காது புண்ணாகிவிட்டது" என்று வில்லையை அறுத்துப் போடுபவர்கள், மருந்தகத்தில் சொல்லி மறுவில்லை போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசம். கன்று வீச்சு நோய்க்கான ஊசி 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் (பெண்) கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. அந்த வயது தாண்டிவிட்டால் பிறகு கேட்டும் பயனில்லை, ஆகவே கன்று பிறந்த தேதியைத் தொழுவத்துச் சுவரிலாவது எழுதி வையுங்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பக்கத்து ஊரில் கோமாரி என்று கேள்விப்பட்டபிறகு மருந்தகத்துக்கு ஓடுவதில் பாதிப் பலன்தான்.