கேட்டகால் ஈஸ்ட்ரோஜன்: பொருளும் வேரும் தமிழ்ப் பெயரும்

பெண்பால் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் அல்ல. எஸ்ட்ரோன், எஸ்ட்ராடையால், எஸ்ட்ரையால் ஆகிய மூன்றும் பலர் கேள்விப்பட்டவை. உடல் இவற்றை அப்படியே வெளியேற்றிவிடுவதில்லை, முதலில் உருமாற்றுகிறது. அப்படி உருமாறியவற்றில் ஒரு பிரிவுதான் கேட்டகால் ஈஸ்ட்ரோஜன். இதை வெறும் கழிவு என்று ஒதுக்கினால் பாதி விஷயம் கைநழுவிப் போகும்.

எஸ்ட்ராடையாலின் மூலக்கூறில் நான்கு வளையங்கள் ஒட்டியிருக்கும். முதல் வளையத்தின் 3ஆம் கார்பனில் ஏற்கெனவே ஒரு ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) உண்டு. சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றுகின்றன. கல்லீரலில் பெரும்பாலும் 2ஆம் கார்பனில் ஏறும். மார்பகம் போன்ற திசுக்களில் 4ஆம் கார்பனிலும் ஏறும். இப்படி ஒரே வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில்கள் அடுத்தடுத்து அமைந்தால் அந்த அமைப்புக்கு வேதியியலில் கேட்டகால் என்று பெயர்.

ஓர் இடம் மாறினால் குணமே மாறிவிடுகிறது. 2-ஹைட்ராக்சி வடிவம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை, அதாவது ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டிச் செயல்படும் புரதத்தை, வலுவாகப் பற்றுவதில்லை. காம்ட் என்ற நொதி அதில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து 2-மெத்தாக்சி எஸ்ட்ராடையாலாக மாற்றுகிறது. இது புதிய இரத்த நாளங்கள் முளைப்பதைத் தடுப்பது ஆய்வகத்தில் தெரிந்ததால், புற்றுநோய் மருந்தாகவும் சோதித்துப் பார்த்தார்கள். 4-ஹைட்ராக்சி வடிவமோ ஏற்பியை நன்றாகவே பற்றும்; ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோன் என்ற எளிதில் வினைபுரியும் பொருளாக மாறினால் டிஎன்ஏவோடு பிணைந்து அதைச் சிதைக்கவும் கூடும். மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர்கள் இதன்மேல் கண் வைத்திருப்பது அதனால்தான். டோபமைன், அட்ரினலின் போன்ற, இதே கேட்டகால் அமைப்புள்ள கேட்டகாலமைன்களைச் செயலிழக்கச் செய்வதும் இதே காம்ட் நொதிதான்.

இனி சொல்லின் வேர். 'ஈஸ்ட்ரோ' கிரேக்கத்து 'ஆய்ஸ்ட்ரோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது: மாட்டைக் கடித்து வெறிகொள்ளச் செய்யும் ஈ, அதிலிருந்து வேட்கை, விலங்குகளின் சினைப்பருவம். 'ஜென்' என்றால் உண்டாக்குவது.

'கேட்டகால்' நமக்கு இன்னும் நெருக்கமானது. கருங்காலி வகை மரத்தின் வைரம் பாய்ந்த உட்கட்டையைச் செதுக்கித் தண்ணீரில் கொதிக்கவைத்து, சாறு கெட்டிப்படும்வரை காய்ச்சி எடுப்பது காசுக்கட்டி. வெற்றிலையோடு மெல்லுவார்கள், துவர்க்கும், வாய் சிவக்கும். இதற்கு மலாயில் 'காச்சு' என்று பெயர். அதுதான் ஐரோப்பியர் வாயில் 'கேட்டச்சு' ஆயிற்று. மலாய்ச் சொல்லே பெரும்பாலும் திராவிட மூலத்தது என்று அகராதிகள் தமிழ், கன்னடச் சொற்களைக் காட்டுகின்றன. 1839இல் ரைன்ஷ் என்ற வேதியியலர் காசுக்கட்டியில் உள்ள கேட்டச்சின் என்ற பொருளைச் சூடாக்கி வடித்தபோது கிடைத்த பொருளே கேட்டகால்.

அதற்காகத் தமிழில் 'காசுக்கட்டி ஈஸ்ட்ரோஜன்' என்று பெயரிடலாமா? ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மரத்திலிருந்து எடுத்த மருந்து என்று படிப்பவர் நினைத்துவிடுவார். 'ஹைட்ராக்சிலேற்ற ஈஸ்ட்ரோஜன்' என்பதும் போதாது. 16ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் ஏறியதும் அதற்குள் வந்துவிடும், ஆனால் அது கேட்டகால் அல்ல. அமைப்பைச் சரியாகச் சொல்வது 'இணைஹைட்ராக்சில் ஈஸ்ட்ரோஜன்'. கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் இதைக் கேட்டகால் ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து எழுதிவிட்டு, பிறகு தமிழ்ப் பெயரை மட்டும் ஆளலாம். 2-ஹைட்ராக்சி எஸ்ட்ரோன் போன்ற தனிச் சேர்மங்களின் பெயரில் கைவைக்க வேண்டாம். அந்த எண்களை வைத்துத்தான் எது எது என்று பிரித்தறிகிறோம்.