இடுப்பு எவ்வளவு நகர்ந்தது?

பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலியவைத்தோ பருக்கவைத்தோ மாற்றியிருந்தால், 'திருத்தப்பட்ட படம்' என்று அதன்மேல் போட்டாக வேண்டும். போடாவிட்டால் 37,500 யூரோ அபராதம்; விளம்பரச் செலவில் 30 சதவீதம் வரைகூடப் போகலாம். பருவை அழித்தாலோ முடியின் நிறத்தை மாற்றினாலோ சொல்லத் தேவையில்லை. இஸ்ரேல் 2013-லேயே இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்துவிட்டது. நார்வே 2022-ல் சேர்ந்துகொண்டது.

சரி, எவ்வளவு திருத்தினார்கள்? அதை அந்த வரி சொல்லாது. இடுப்பை நூலளவு உள்ளே தள்ளினாலும், ஆளே மாறிப்போனாலும் ஒரே வாசகம்தான்.

அந்த 'எவ்வளவு' என்பதை அளக்க 2011-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் எரிக் கீ, ஹானி ஃபரீத் இருவரும் ஒரு வழி கண்டார்கள். திருத்துவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் கணினி ஒன்றோடொன்று பொருத்துகிறது. பிறகு ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று தேடுகிறது. போட்டோஷாப்பின் 'லிக்விஃபை' கருவி படத்தை ரப்பர் தாள் மாதிரி இழுக்கும், தள்ளும். இடுப்பின் இரு ஓரத்துப் புள்ளிகளும் உள்நோக்கி நகர்ந்திருந்தால் கணக்கில் அது அப்படியே தெரிந்துவிடும். (அவசரத்தில் தள்ளினால் பின்னாலிருக்கும் ஜன்னல் கம்பியும் சேர்ந்து வளையும். பல படங்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.)

அடுத்தது தோல். சுருக்கத்தையும் மயிர்த்துளைகளையும் மறைக்கிறவர்கள் அந்த இடத்தை மங்கலாக்குவார்கள். கண்ணையும் உதட்டையும் கூர்மையாக்குவார்கள். எங்கே எவ்வளவு மங்கல், எவ்வளவு கூர்மை என்பதும் கணக்கில் சேர்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு படத்துக்கு மொத்தம் எட்டே எண்கள்.

ஆனால் அந்த எட்டு எண்களை வைத்துக்கொண்டு மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று சொல்ல முடியாதே? அதனால் 390 பேரிடம் 468 ஜோடிப் படங்களைப் பிரித்துக் கொடுத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். 1 என்றால் கிட்டத்தட்ட அதே படம், 5 என்றால் ரொம்பவே வேறு. அந்த மதிப்பெண்களைப் பார்த்துப் பழகிய நிரல், புதிய ஜோடிகளுக்கும் ஏறக்குறைய மனிதர்கள் போடுகிற மாதிரியே போட்டது.

ஒரு சிக்கல்: முந்தைய படம் கையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். அது இதழிடமோ விளம்பர நிறுவனத்திடமோதான் இருக்கும். அவர்களாக மனம்வைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது சட்டம் கேட்க வேண்டும்.

அப்புறம், வாசகத்திலேயே ஒரு வம்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் விளம்பரம் பார்க்கும் பெண்களின் கண்ணசைவைப் பதிவு செய்து ஓர் ஆய்வு நடந்தது. எந்தப் பாகம் திருத்தப்பட்டது என்று குறிப்பாகச் சொன்ன வாசகம், பார்வையை அந்தப் பாகத்துக்கே இழுத்துப் போனது. கீ, ஃபரீத் நிரல் போடும் அந்த 1 முதல் 5 வரையான மதிப்பெண் இடுப்பு, தொடை என்று எதையும் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. அந்த வகையில் 'திருத்தப்பட்ட படம்' என்ற மொட்டை வரிக்கு, 3.5 என்று ஓர் எண் தேவலை என்றுதான் எனக்குப் படுகிறது.