மனப் படியெடுப்பு: 'மைண்ட் அப்லோடிங்' என்பதற்குத் தமிழ்

மூளையை நுணுக்கமாக ஸ்கேன் செய்து, அதன் நரம்பு இணைப்புகளைக் கணினியில் ஓடும் நிரலாக்குவது. உடல் போனாலும் ஆள் அங்கே பிழைத்திருப்பார் என்று நம்புவது. சாவை வெல்ல அறிவியல் புனைகதைகள் அடிக்கடி நாடும் இந்த வழிக்கு 'மைண்ட் அப்லோடிங்' என்று பெயர்.

'அப்லோட்' கணினித் துறைச் சொல். கோப்பை இன்னொரு கணினிக்கு ஏற்றுவது அதன் பொருள். அதைப் பின்பற்றித் தமிழில் 'மனப் பதிவேற்றம்' என்கிறோம். சொல்லில் பிழையில்லை. ஆனால் மனம் இங்கிருந்து கிளம்பி அங்கே போய்விடுவதாக ஒரு எண்ணத்தை அது கொடுத்துவிடுகிறது. உண்மையில் நடப்பது நகலெடுப்பு.

ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-இல் இதை ஒரு அறுவை சிகிச்சையாகவே விவரித்தார். நோயாளி விழித்திருக்கிறார். ரோபோ மருத்துவர் மூளையின் மேலடுக்கை அளந்து, அதேபோல இயங்கும் நிரலை எழுதுகிறார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நோயாளியே சோதித்துச் சரி சொன்ன பிறகு அந்த அடுக்கு அகற்றப்படுகிறது. அப்புறம் அடுத்த அடுக்கு. கடைசியில் மண்டையோடு காலி, நினைவு கணினியில்.

அந்த அடுக்குகளை அகற்றாமல் விட்டிருந்தால்? 'நான்தான் அவர்' என்று சொல்ல இரண்டு பேர் இருப்பார்கள். தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் இதே சிக்கலை எழுப்பினார்: கருவி ஒருவரின் நகலைச் செவ்வாயில் உருவாக்குகிறது, மூல ஆளோ பூமியிலேயே, சில நாளில் சாகும் நிலையில் நிற்கிறார். 'அதே ஆளா' என்பதைவிட நினைவும் குணமும் தொடர்வதுதான் முக்கியம் என்பது பார்ஃபிட்டின் முடிவு. சாகப்போகும் மூல ஆளுக்கு அது எந்த ஆறுதலையும் தராது என்றே எனக்குப் படுகிறது.

'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' இதற்குப் பொருந்தாது. அதில் உயிர் இடம் மாறுகிறது, பழைய உடல் வெறுமையாகக் கிடக்கிறது. நமக்குப் பொருத்தமானது ஓலைச்சுவடி உலகின் 'படியெடுத்தல்'. ஏடு செல்லரித்தாலும் பாட்டு புதிய ஏட்டில் வாழும். ஆனால் பழைய ஏடு பழைய ஏடுதான். மனிதர் பாட்டா, ஏடா என்பதுதான் இந்தக் கதைகள் கேட்கும் கேள்வி.

ஆகவே 'மனப் படியெடுப்பு' என்றே எழுதலாம். இதை 'மனப்படி' என்று சுருக்க வேண்டாம், 'மனம்போனபடி' என்பதுபோல ஒலிக்கும். தான் இடம் மாறிவிட்டதாகக் கதாபாத்திரமே நம்பிப் பேசும் இடத்தில் மட்டும் 'மனப் பதிவேற்றம்' இருக்கட்டும்.