கேஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்டால் என்ன?

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வெல்டிங் கடை. உழவு மெசின் பெட்டியொன்று கொக்கி விட்டுப்போய் நிற்கிறது. போடியாருக்கு விடிந்தால் நெல் ஏற்ற வேண்டும். பட்டா லொறியில் படுத்த வாக்கில் வந்த அசற்றலீன் சிலிண்டரை, அதாவது ஒட்சிசனோடு எரிந்து இரும்பை ஒட்ட உதவும் வாயுவின் சிலிண்டரை, நிமிர்த்திய கையோடு பொடியன் றெகுலேற்றரைப் பூட்டப் போனான்.

"மனே, அத இப்ப தொறக்காத. நிக்கட்டும், மறுகா பாப்பம்."

"ஏன் பாஸ்?"

"அது அப்படித்தான்."

பாஸ் சொன்னது சரி. காரணம் சிலிண்டரின் வயிற்றுக்குள் இருக்கிறது.

பக்கத்தில் நிற்கும் ஒட்சிசன் சிலிண்டர் வெறுங்கூடு. வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தி அடைத்த வாயு, அவ்வளவுதான். அசற்றலீனை அப்படி அடைக்க முடியாது. சாதாரண அமுக்கத்தைவிட ஒரு மடங்கு கூட அழுத்தினாலே, ஒட்சிசன் துளியும் இல்லாமல், தானாகவே காபனும் ஐதரசனுமாகப் பிரிந்து வெடிக்கக்கூடிய வாயு அது. அதனால் சிலிண்டர் முழுக்க நுண்துளைகள் கொண்ட கல் போன்ற ஒரு பொருளை நிரப்பி, அதில் அசற்றோன் திரவத்தை ஊறவைக்கிறார்கள். சோடாவில் வாயு கரைந்திருப்பதுபோல அசற்றலீன் அந்தத் திரவத்தில் கரைந்து கிடக்கும். சாதாரண அமுக்கத்திலேயே ஒரு லீற்றர் அசற்றோன் ஏறத்தாழ 25 லீற்றர் வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அழுத்த அழுத்த இன்னும் கூடும்.

இந்த நுண்துளை நிரப்பியைச் செம்மைப்படுத்தி வெளிச்சவீட்டு விளக்குகளுக்கு அசற்றலீனைப் பயன்படுத்தியவர் சுவீடனின் குஸ்தாவ் டாலேன். 1912இல் அவருக்கு பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் அசற்றலீன் வெடிப்பொன்றில் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். நமது முகத்துவாரத்து வெளிச்சவீடு எழும்பியது அடுத்த வருடம், 1913இல்.

சிலிண்டர் படுத்துக் கிடந்தால் அசற்றோன் வாய்ப்பக்கம் வந்து நிற்கும். உடனே திறந்தால் வாயுவோடு அதுவும் வெளியே வரும். சுவாலை துப்பும், ஹோஸ் கெடும். அதைவிட மோசம், உள்ளே அசற்றோன் குறையக் குறைய வாயுவைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் போவது. நிமிர்த்திச் சில மணித்தியாலம் விட்டால் திரவம் மீண்டும் துளைகளுக்குள் இறங்கிவிடும்.

ஒட்சிசனுக்கு வேறு பயம். அது எரியாது, எரிய வைக்கும். கிறீஸ் பட்ட கையோடு அதன் வால்வைத் தொடுவது பொடியன்மார் வழக்கம். அழுத்தமான ஒட்சிசனில் எண்ணெய்ப்பசை தானாகவே பற்றிக்கொள்ளும். இறுக்கமாக இருக்கிறதென்று வால்வுக்கு எண்ணெய் விடுகிற கெட்டித்தனத்தையும் பார்த்திருக்கிறேன். கச்சான் காற்று வீசும் நாளில் வெயிலில் விட்டாலும் வம்புதான்: 27 பாகையில் 150 மடங்கு இருந்த அமுக்கம், 57 பாகைக்குச் சூடானால் 165 ஆகிவிடும். பாவிக்காமல் வைத்திருக்கும்போது இரண்டையும் ஒட்டி வைக்கக்கூடாது, 6 மீற்றராவது இடைவெளி வேண்டும். நிழலும் காற்றோட்டமும் வேண்டும். விழாமல் சங்கிலியால் சுவரோடு கட்டவும் வேண்டும்.

பொடியன் சோறு தின்றுவிட்டு வந்தும் பாஸ் விடவில்லை. பெட்டியை ஒட்டி முடிக்கையில் பொழுது பட்டிருந்தது.