கலப்பை நின்ற பிறகு

தரிசு நிலங்களில் குழி வெட்டி மண்ணைப் பார்ப்பது என் தொழில். உழவு நின்று பல ஆண்டுகள் ஆன வயலிலும், குழியின் சுவரில் ஒரு சாண் ஆழத்தில் நேர்கோடு ஒன்று தெரியும். மேலே கலப்பை புரட்டிய கருமண். கீழே வெளிறிய மண். அந்தக் கோட்டருகே கட்டைவிரலால் அழுத்தினால் இறங்காது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததால் இறுகிய மண் அடுக்கு அது. புதிதாக இறங்கும் வேர்கள் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றன.

மண் கெட்டதால்தானே விட்டுவிட்டார்கள் என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. கெட்டது வரவு செலவுக் கணக்கு.

1991இல் சோவியத் யூனியன் சிதைந்தபின் நடந்ததைப் பாருங்கள். 1992 ஜனவரியில் ரஷ்யா பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியது. டீசலும் உரமும் உதிரிபாகமும் ஏறிய வேகத்துக்குத் தானிய விலை ஈடுகொடுக்கவில்லை, மானியமும் வற்றியது. சோவியத் காலத்தில் பலர் சேர்ந்து உழைத்த கூட்டுப் பண்ணைகளின் மாடுகள் வெட்டுக்குப் போயின. மாடே இல்லாதபோது தீவனப் பயிர் யாருக்கு? நிலத்தை, அதில் உழைத்தவர்களுக்கே பங்கு பிரித்தார்கள். ஆனால் பலருக்கு எந்தத் துண்டு தன்னுடையது என்று அளந்து காட்டவே இல்லை. ரஷ்யாவில் 1990இல் ஏறக்குறைய 11.8 கோடி ஹெக்டேராக இருந்த விதைப்புப் பரப்பு, 2000இல் சுமார் 8.5 கோடியாகச் சுருங்கியது. வளம் குறைந்த, ஊருக்கும் சாலைக்கும் தொலைவான ஓரத்து நிலங்கள் முதலில் போயின.

பின்விளைவு இடத்துக்கு இடம் மாறியது. காட்டை ஒட்டிய வயல்களில் பிர்ச் மரங்கள் முளைத்தன. தீவனத்துக்காகக் கொண்டுவந்த சோஸ்னோவ்ஸ்கி ஹாக்வீட் என்ற செடி, கேட்பாரற்ற வயல்களில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பரவியது. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீப்புண்போல் கொப்பளிக்கும். கஜகஸ்தானில் 1999, 2000 ஆண்டுகளில் பெருகிய வெட்டுக்கிளிகளுக்குக் கைவிடப்பட்ட வயல்கள் நல்ல முட்டையிடும் இடமாயின.

நன்மையும் உண்டு. புல்வெளி திரும்பிய இடங்களில் மண்ணில் கரிமம் (கார்பன்) சேர்ந்தது. அதை மட்டும் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காய்ந்த புல் வசந்தத்தில் பற்றி எரிகிறது. மீண்டும் உழுதால் சேர்ந்த கரிமத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

எனவே உழுவதா, மேய்ச்சலுக்கு விடுவதா, காடாக்குவதா என்பதை முதல் சில ஆண்டுகளுக்குள் தீர்மானியுங்கள். அப்போது ஓரிரு உழவில் நிலத்தை மீட்கலாம். மரக்கன்றுகள் முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே குழி வெட்டிப் பாருங்கள். தலைக்கு மேல் வளர்ந்தபின் அழைக்கிறவர்களிடம், வேரோடு பிடுங்கும் செலவைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.