ஓடிவிட்டு வந்து கொடுத்த ரத்தம்

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி என் அறைக்கு வந்தார். வயது 26. வேலைக்குச் சேர எடுத்த பரிசோதனையில், கல்லீரல் நலத்தை அறியப் பார்க்கும் ஏ.எஸ்.டி. என்ற நொதி 142; இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். "மேடம், நான் குடிக்கவே மாட்டேன். கல்லீரல் எப்படிக் கெட்டுப்போச்சு?"

கல்லீரல் கெட்டால் ஏறக்கூடிய மற்ற அளவுகளான பிலிரூபினும் ஜி.ஜி.டி.யும் ஒழுங்காக இருந்தன. எனக்குக் கல்லீரல் மேல் சந்தேகம் வரவில்லை. மாடிப்படி ஏறும்போது தொடை வலித்ததா என்று கேட்டேன். விழித்தார். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். முதல் நாளே நூறு ஸ்குவாட். மிச்சமிருந்த ரத்தத்தில், தசை அடிபட்டால் ஏறும் சி.கே. என்ற நொதியைப் போட்டுப் பார்த்தோம். சில நூறுகளுக்குள் இருக்க வேண்டியது ஆறாயிரத்தைத் தாண்டி நின்றது. ஏ.எஸ்.டி. தசையிலும் இருக்கிறது, தசை அடிபட்டால் அதுவும் ரத்தத்தில் கசியும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து எடுத்ததில் எல்லாம் இறங்கியிருந்தது.

அன்று அவர் கையில் இருந்தது செல்போன். "மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே? உடற்பயிற்சி உடம்புல ஏறுதான்னு அதுல தெரியுமாமே?"

கேள்வி நல்ல கேள்விதான். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பவை சுமார் 22 மரபு எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ. துணுக்குகள். எந்தப் புரதத்தை எவ்வளவு தயாரிப்பது என்ற உத்தரவு செல்லுக்குள் போகும்போது, குறுக்கே விழுந்து அதை அடக்குவது இவற்றின் வேலை. 1993-இல் ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதைக் கண்டதற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. இவை ரத்தத்திலும் மிதக்கின்றன. வெறும் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் விழுந்தால் நொதிகள் நொடியில் நறுக்கிவிடும்; இவையோ கொழுப்புக் குமிழிகளுக்குள் ஒளிந்தோ, புரதங்களைப் பற்றிக்கொண்டோ தப்பிவிடுகின்றன.

உடற்பயிற்சிக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? 2011-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 10 படகோட்டி வீரர்களை 90 நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். களைத்து விழும்வரை உடற்பயிற்சி செய்தவுடன் மிர்-146ஏ, மிர்-222 இரண்டும் இரண்டு முறையும் ஏறின ('மிர்' என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் சுருக்கம், எண் அதன் அடையாளம்). மிர்-21, மிர்-221 பயிற்சிக்கு முன்பு மட்டும் ஏறின. உடம்பு பழகிய பிறகு அசையவில்லை. மிர்-20ஏ நேர்மாறு. ஒருநாள் பயிற்சிக்கு மசியாமல், மூன்று மாத உழைப்புக்குப் பிறகு ஓய்வு நிலையிலேயே கூடியிருந்தது. நேற்றைய வியர்வையையும் மூன்று மாத வியர்வையையும் ரத்தம் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது என்பதுதான் என்னை ஈர்த்த விஷயம்.

உடற்பயிற்சியின் வகைக்கு ஏற்பவும் மாறுகிறது. ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், மாரத்தான் ஓடியவர்களுக்கு ரத்தக்குழாயின் உள்சுவரைச் சேர்ந்த மிர்-126, தசையைச் சேர்ந்த மிர்-133 இரண்டும் கூடின. எடை தூக்கியவர்களுக்கு மிர்-133 மட்டும்.

அப்படியானால் ஏன் நாங்கள் இந்த டெஸ்ட்டை எடுப்பதில்லை? பெரும்பாலான ஆய்வுகள் பத்து, இருபது பேரை வைத்துச் செய்தவை. சி.கே.க்கு இருப்பதுபோல் "இதற்கு மேல் போனால் அதிகம்" என்று சொல்ல ஒரு பொது அளவு கிடையாது. அதைவிடப் பெரிய தொல்லை ரத்தம் பிடிக்கும் குழாயிலேயே இருக்கிறது. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுத்த பிளாஸ்மா என்ற திரவம் வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டும். ஊசியை இழுத்த வேகத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால் லேசாக ரோஸ் நிறம் தட்டும். மிர்-451, மிர்-16 சிவப்பணுவுக்குள் மண்டிக் கிடப்பவை, உடைந்ததும் கொட்டிவிடும். அப்புறம் நாம் அளப்பது உடற்பயிற்சியையா, ஊசி குத்தியவரின் அவசரத்தையா? பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் ரத்தம் உறையாமலிருக்க அதில் உள்ள ஹெப்பாரின், இந்தத் துணுக்குகளைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முறையையே கெடுத்துவிடும். போதாக்குறைக்கு, வியர்த்து வந்தவரின் ரத்தத்தில் நீர் குறைந்து எல்லாமே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

அதனால் யாராவது ஒரு சொட்டு ரத்தத்தில் உங்கள் ஃபிட்னஸ் ஜாதகத்தையே கணித்துத் தருவதாகச் சொன்னால், அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சியை நிறுத்திவையுங்கள், நடைப்பயிற்சி பரவாயில்லை. நிறுத்த மறந்துவிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தம்பிக்குப் பிறகு எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: "கடந்த 3 நாட்களில் கடுமையான உடற்பயிற்சி செய்தீர்களா?" பெரும்பாலோர் 'இல்லை' என்றே டிக் அடிக்கிறார்கள். போன வாரம் அப்படி டிக் அடித்த ஒருவரிடம் எங்கள் டெக்னீஷியன் பேச்சுவாக்கில் விசாரித்திருக்கிறார். "உடற்பயிற்சியெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. ஞாயித்துக்கிழமை பசங்களோட நாலு மேட்ச் கபடி ஆடினேன், அவ்வளவுதான்."